அப்பத்தாவைக் கேட்டுவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்

பள்ளியில் வளரிளம் பருவ இனப்பெருக்க நலம் பற்றிப் பாடம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் செய்வது, நோட்டீஸ் அடித்துப் பெற்றோர் கூட்டம் போடுவது. காரைக்குடியிலிருந்து ஒரு டாக்டரம்மாவை அழைத்து மைக்கைக் கொடுப்பார்கள். பாதிக் காரியம் அங்கேயே கெட்டுவிடும். ஒருவர் எழுந்து "பிஞ்சுகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டால் போதும், மனதுக்குள் சம்மதிக்கிறவர்கூட வாயைத் திறக்க மாட்டார். பக்கத்து நாற்காலியில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருப்பார்களே! சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுதத்தான் கூட்டம்.

யாரிடம் வாங்குவது? சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். பிள்ளைகள் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ வளர்கின்றன. படிவத்தில் கையெழுத்து அம்மாவுடையது, "வேணாம்" என்று சொல்லும் அதிகாரம் கிழவியுடையது. ஆகவே மகளிர் குழு கூடும் நாளில் அவர்களைப் போய்ப் பாருங்கள், கிராம சுகாதார செவிலியரைக் கூட்டிக்கொண்டு. பேரனுக்குத் தடுப்பூசி போட்டவர் சொன்னால் அங்கே மறுபேச்சு குறைவு.

பேச்சை ரத்தசோகையில் தொடங்குவது நல்லது. பிள்ளைக்கு ரத்தம் ஊற வேண்டாம் என்று எந்த அப்பத்தாவும் சொல்ல மாட்டார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண், பெண் இருபாலருக்கும் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, ஆண்டுக்கு இருமுறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும், மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம் என்பதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஒரே நாளில் வதந்தி ஊரைச் சுற்றி வந்துவிடும். ரத்தத்திலிருந்து மாதவிடாய்க்கும், அங்கிருந்து இளவயதுக் கல்யாணத்துக்கும் பேச்சு தானாகவே போகும்.

அறக்கட்டளைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் நம் பக்கம் நிறைய. அங்கே தலைமையாசிரியர் தலையாட்டினால் போதாது, செயலர் சம்மதிக்க வேண்டும். அறங்காவலர்களில் பலர் வெளியூரில் இருப்பார்கள். கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊர் வரும்போது நேரில் பார்த்துப் பாடப் பக்கங்களைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஜமாத் பெரியவர்களுக்கும் பங்குத்தந்தைக்கும் அதே பக்கங்கள்தான். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

பக்கங்களைக் காட்டுங்கள் என்று வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2005-இல் தேசிய அளவில் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தது. 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் அதை நிறுத்தின. ஆசிரியர் கையேட்டில் இருந்த படங்கள்தான் எதிர்ப்புக்கு முக்கியக் காரணம். இன்று அதே படம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தலைப்பில்லாமல் விழுந்தால் மாலைக்குள் பள்ளி வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். நீங்களே முழுதாகக் காட்டியிருந்தால் "அதை நாங்க அப்பவே பாத்தாச்சு" என்று சொல்ல ஊருக்குள் நாலு பேராவது இருப்பார்கள். நம் மாநில எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்று பாடமே இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து மேசையில் வையுங்கள், வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து திணிக்கிறார்கள் என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

மஞ்சள் நீராட்டுக்கு முச்சந்தியில் பிளெக்ஸ் வைக்கிறோம். அதையே வகுப்பில் சொன்னால் மானம் போய்விடும் என்கிறோம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனாலும் இதைக் கூட்டத்தில் குத்திக்காட்டாதீர்கள். வாதத்தில் ஜெயித்துவிட்டு ஆளைப் பகைத்துக்கொண்டதுதான் மிச்சமாகும்.

பெற்றோரைவிடப் பெரிய தடை ஆசிரியர்தான். "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். 2020-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை, முடிந்தவரை ஓர் ஆண், ஒரு பெண், இதற்கென ஒதுக்கச் சொல்கிறது. அந்த இருவரும் வகுப்புக்கு முன் விந்து, கருப்பை, மாதவிடாய் என்ற சொற்களை ஒருவர் முன் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஆசிரியரின் குரல் தடுமாறினால் கடைசி பெஞ்சிலிருந்து கேலி கிளம்பிவிடும், அதன்பிறகு அந்த வகுப்பு மீளாது. பெண் பிள்ளைகளை மட்டும் தனி அறையில் உட்கார வைத்துப் பையன்களை விளையாட அனுப்புவதும் அதே கேலியைத்தான் வளர்க்கும். பையன்களுக்கும் குரல் உடைகிறது, தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. அது நோய் என்று நம்பிப் போலி வைத்தியரிடம் காசை விடுகிறவர்கள் உண்டு. முதல் சில வகுப்புகள் தனித்தனியாகவும் பிறகு சேர்ந்தும் நடக்கட்டும். இரு பக்கமும் ஒரே பாடம்தான்.

கேள்விப் பெட்டி வைத்தால் ஒரே அளவுத் துண்டுச்சீட்டை எல்லோரும் போட வேண்டும், வெற்றுத்தாளாக இருந்தாலும் சரி. கேள்வி இருப்பவர் மட்டும் எழுந்து போனால் யார் என்பது தெரிந்துவிடும், மறுவாரம் பெட்டி காலியாகத்தான் இருக்கும். "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் ஆசிரியருக்கே தண்டனை. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417 இரண்டையும் பலகையில் எழுதுங்கள்.

கழிவறையில் தண்ணீரும், மூடியுள்ள குப்பைத்தொட்டியும், உள்தாழ்ப்பாளும் இல்லாத பள்ளியில் மாதவிடாய் சுகாதாரம் பேசினால் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

கடைசியாகப் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, எந்த இரண்டு ஆசிரியர், எந்தக் கையேடு என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதி, நகலை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் அனுப்பிவிடுங்கள். மாறுதல் கலந்தாய்வில் தலைமையாசிரியர் வேறு ஊருக்குப் போனால் அவர் வாய்வார்த்தையும் கூடவே போய்விடும். காலாண்டுத் தேர்வுக்கு முன் முதல் வகுப்பு நடந்தாக வேண்டும். தை பிறந்தால் ஆசிரியர்கள் பொதுத்தேர்வுத் திருப்புதலில் இறங்கிவிடுவார்கள், மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா வந்துவிடும். பிறகு அடுத்த ஜூன்தான்.