18-ஆம் நாள் நின்றுபோன நடை

இதயச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். மாத்திரைகளுக்கு எட்டு வரி. எது காலையில், எது இரவில், எதைச் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும் என்று எல்லாம் தெளிவாக இருக்கிறது. உடற்பயிற்சிக்கு ஒரே வரி: ‘தினமும் நடக்கவும்.’ எத்தனை நிமிடம், எவ்வளவு வேகம், நடக்கும்போது நெஞ்சு துள்ளினால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு இருந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு அப்லேஷன் செய்தார்கள். தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் கொண்டுபோய், நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் சிரைகளின் வாயைச் சுற்றிச் சூடு வைத்துத் தழும்பு உண்டாக்குவது. தாறுமாறான துடிப்பைக் கிளப்பிவிடும் பொறி பெரும்பாலும் அந்தச் சிரைகளில்தான் இருக்கிறது என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர்கள் காட்டினார்கள். இன்றைய சிகிச்சை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

முதல் வாரம் பாரம் தூக்கவில்லை, தொடைக் காயம் ஆறட்டும் என்று. அப்புறம் ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், பத்து நிமிடம் என்று நடையைக் கூட்டினேன். 18-ஆம் நாள் மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒரு துள்ளல். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் இரண்டு துடிப்பு ஒட்டி வந்து, ஓர் இடைவெளி விட்டு, அடுத்தது பலமாக அடித்தது. அரை நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் நான் பதினோரு நாள் நடக்கவே இல்லை.

அந்தப் பதினோரு நாளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவு. வீட்டில் செய்யும் பயிற்சியைப் பாதியில் விடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அது சோம்பல் இல்லை, பயம். மருத்துவமனையில் பயிற்சி செய்தால் பக்கத்தில் ஈசிஜி திரை இருக்கும், அதைப் பார்க்க ஓர் ஆள் இருப்பார். வீட்டில் நாமும் நம் நெஞ்சும் மட்டும்தான். ஒவ்வொரு துடிப்பும் கேள்வியாக வந்து நிற்கும், பதில் சொல்ல ஆள் கிடையாது.

மறுபரிசோதனையில் மருத்துவர் நிதானமாக விளக்கியபோதுதான் எனக்குப் பாதி பயம் போயிற்று. சூடு பட்ட இடம் முதலில் வீங்கிச் சிவந்திருக்கும், தழும்பாக இறுக வாரங்கள் ஆகும். அதுவரை துள்ளலும் படபடப்பும் வரலாம், அதை வைத்தே சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. முன்பு இதற்கு மூன்று மாதம் என்று கணக்கு வைத்திருந்தார்கள், 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டல் அதை எட்டு வாரமாகக் குறைத்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நாடி முன்பைவிட நிமிடத்துக்கு 10 துடிப்பு வரை அதிகமாக இருப்பது பலருக்கும் உண்டு. துடிப்பை மட்டுப்படுத்தும் நரம்பு முடிச்சுகள் சூடு வைக்கும் இடத்தை ஒட்டியே இருப்பதால் அப்படி ஆகிறது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பதினோரு நாள் வீணாகியிருக்காது.

சரி, எவ்வளவு வேகத்தில் நடப்பது? நான் கைக்கடிகாரத்தின் எண்ணை நம்பித்தான் ஏமாந்தேன். இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு எவ்வளவு சிரமப்பட்டாலும் நாடி அவ்வளவாக ஏறாது. துடிப்பு ஒழுங்கில்லாதபோது கடிகாரமே தப்பாகக் காட்டும். அதைவிட நல்ல வழியைப் பிசியோதெரபிஸ்ட் காட்டினார்: ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல். 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. சும்மா இருப்பவரின் நாடி 60 என்று வைத்து, அதில் பத்தில் ஒரு பங்காக 6-இல் தொடங்கினாராம். எனக்குச் சொன்ன எல்லை 11-இலிருந்து 13 வரை. என் மகள் இதை இன்னும் எளிதாக்கிவிட்டாள். “அப்பா, என்கூட பேசிக்கிட்டே நடங்க. பேச்சு முட்டுச்சுன்னா வேகத்தைக் குறைச்சுடுங்க.” அவள் கூடவே நடந்தாள். அவள் ஊருக்குப் போன பிறகு போனில் பேசிக்கொண்டே நடந்தேன். நான் தொடர்ந்ததற்கு அவள்தான் காரணம், வேறு எதுவும் இல்லை.

ஒரு நோட்டும் வைத்துக்கொண்டேன். தேதி, நிமிடம், போர்க் எண், துள்ளல் உண்டா இல்லையா, அவ்வளவுதான். மூன்று வாரப் பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது: துள்ளல் வந்த நாட்களில் பாதிக்கு மேல் நான் நடக்காத நாட்கள். நடைதான் துள்ளலைக் கொண்டுவருகிறது என்ற பயம் அந்த நோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் விட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லாத் துள்ளலையும் அலட்சியம் செய்துவிடாதீர்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், நிற்காமல் ஓடும் படபடப்பு, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், தொடையில் பெருகும் வீக்கம் இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சில வாரம் கழித்துக் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால், தொண்டைக் கோளாறு என்று நினைத்து வீட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்காதீர்கள். இதயத்துக்குப் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. அரிதாக அதிலும் சூடு பட்டிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும், நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மாத்திரைக்கு எழுதுவது போலப் பயிற்சிக்கும் அளவு எழுதிக் கொடுங்கள்: எத்தனை நிமிடம், எவ்வளவு சிரமம் வரை, எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது. இரண்டாவது வாரம் ஒரு போன், நான்காவது வாரம் ஒரு போன். டென்மார்க்கில் அப்லேஷன் முடிந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சியோடு செவிலியருடன் உட்கார்ந்து பேசும் நேரமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் உடல் திறன் மற்றவர்களைவிடக் கூடியது. 18-ஆம் நாள் அந்தப் படியில் நின்றபோது, கூப்பிட்டுக் கேட்க ஒரு எண் என்னிடம் இருந்திருந்தால் மறுநாள் காலையே செருப்பை மாட்டியிருப்பேன்.

இன்று காலை நோட்டில் எழுதியது: 35 நிமிடம், 12, துள்ளல் ஒன்று, நிற்கவில்லை.