மதநீரைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஹ்லூஹ்லூவே சரணாலயத்துக்கு யானை பார்க்கப் போகிற நம்மவர்கள், கன்னத்தில் நீர் வழிந்தாலே "மதம் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். தாத்தா பாட்டி கதைகளில் வரும் ஆசிய யானைக்கு அந்தக் கணக்கு சரி. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் குட்டிக்கும்கூட, பதற்றமோ பரவசமோ வந்தால், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் கசியும். பார்க்க வேண்டியது பின்னங்காலை. களிறு நடந்துகொண்டே மூத்திரம் சொட்டி, தொடையின் உட்பக்கம் நனைந்து, நெடி அடித்தால் அதுதான் மதம். ஆப்பிரிக்க யானைக்கு மதமே கிடையாது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். கென்யாவின் அம்போசெலியில் பார்த்து உறுதிப்படுத்தி எழுதியது 1981-ல்தான்.

"எல்லாம் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனின் வேலை" என்பதும் பாதிக் கதைதான். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன், அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டும்; பிட்யூட்டரி விடும் எல்எச் என்ற ஹார்மோன் விதையைத் தட்டும்; விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தோடு மூளைக்கே திரும்பி, பயத்தையும் கோபத்தையும் கையாளும் அமிக்டலா பகுதியிலும் ஹைப்போதலாமஸிலும் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டும். 'குத்து' என்று அது உத்தரவு போடுவதில்லை. எதிரி கண்ணில் பட்டால் ஒதுங்குவதா, மோதுவதா என்கிற தராசை மோதும் பக்கம் சாய்க்கிறது, அவ்வளவே. எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்து அந்தச் சுரப்பே ஏறி இறங்கும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் பூங்காவில் நடந்ததைப் பாருங்கள். க்ரூகர் தேசியப் பூங்காவில் யானைகளைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைத்த காலத்தில், அநாதையான குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பெரிய களிறு ஒன்றுகூட இல்லை. 25 வயதுக்கு மேல் வந்து சில நாளில் அடங்க வேண்டிய முதல் மதம், 18 வயதிலேயே வந்து மாதக்கணக்கில் நின்றது. 1992-97க்குள் 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களை அந்த இளங்களிறுகள் கொன்றன. 1998-ல் க்ரூகரிலிருந்து 6 பெரிய களிறுகளை இறக்கினார்கள். இளசுகளின் மதக்காலம் சுருங்கியது, கொலையும் நின்றது. ஊசி போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை. மதத்தில் இருக்கும் மூத்த களிறு ஒருமுறை விரட்டினால் போதும், சின்னதன் மூத்திரச் சொட்டு சில நிமிடங்களிலோ மணிகளிலோ நின்றுவிடுகிறது. ஆண் குட்டிகளை மட்டும் பொறுக்கி இடம் மாற்றும் திட்டம் எதுவானாலும் எனக்குச் சம்மதமில்லாதது இதனால்தான்.

தொடை நனைந்த களிறு பாதையில் எதிரே வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். மதத்தில் இருப்பது வழக்கம்போல் ஒதுங்கிப் போகாது, பாதை அதற்குத்தான். தூரத்தில் இருக்கும்போதே ரிவர்ஸ் போட்டு, அது காட்டுக்குள் திரும்பும்வரை மெல்லப் பின்னால் போய்க்கொண்டே இருங்கள். பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நின்றால் போக வழி இருக்காது. அதனால் முன்வண்டியிலிருந்து எப்போதும் இடம் விட்டே நிறுத்துங்கள்.