பூப்படக்காரர்

"பூப்படம் வச்ச ஃபேக் ஐடி எழுதுறதையெல்லாம் ஷேர் பண்றீங்களேண்ணே" என்று நேற்று ஒரு தம்பி உள்பெட்டியில் வருத்தப்பட்டார். மொட்டைக் கடுதாசிக்கு என்ன மதிப்பு என்பது அவர் கட்சி. பெயரும் முகமும் இருந்தால் நம்புவாராம்.

2011இல் அமினா அராஃபுக்கு இரண்டுமே இருந்தன. சிரியாவின் டமாஸ்கஸில் வாழும் தன்பால் ஈர்ப்புள்ள பெண் என்று சொல்லி ஆங்கிலத்தில் வலைப்பதிவு எழுதினார். தன்னைப் பிடிக்க ராத்திரியில் வந்த உளவுத்துறை ஆட்கள் இருவரை அப்பா பேசியே திருப்பியனுப்பியதாக ஒரு பதிவு. படித்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஜூனில் அவரைக் கடத்திவிட்டார்கள் என்றதும் ஊரே பதறியது. அப்புறம்தான் கேள்வி வந்தது: இவரை நேரில் பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை. இணையத்தில் பழகிய கனடாக் காதலிகூடக் குரலைக் கேட்டதில்லை. கடைசியில் பார்த்தால், எழுதியவர் எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த டாம் மெக்மாஸ்டர் என்ற நாற்பது வயது அமெரிக்கர். படம், சம்பந்தமே இல்லாத ஒரு லண்டன் பெண்ணுடையது. (அமினாவின் எழுத்தை முன்பு வெளியிட்ட தளத்தின் 'பெண்' ஆசிரியரும் ஓர் ஆண்தான் என்பது உடனே வெளிவந்தது. அது தனிக்கூத்து.)

அதற்கு எட்டு வருடம் முன்பு, ஈராக் போர். பாக்தாத்திலிருந்து சலாம் பாக்ஸ் என்ற புனைபெயரில் ஒருவர் வலைப்பதிவு எழுதினார். அரபியில் ஒரு அமைதி, லத்தீனில் ஒரு அமைதி, அவ்வளவுதான் பெயர். சிஐஏ ஆள் என்றார்கள், சதாம் ஆள் என்றார்கள். அவரோ, பி-52 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின என்று டிவியில் சொன்னதும் மணி எண்ணத் தொடங்குவோம், வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும் என்று எழுதிக்கொண்டிருந்தார். வீரமும் இல்லை, கண்ணீரும் இல்லை. போருக்குப் பின் பீட்டர் மாஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாக்தாத்தில் அவர் கூடவே வைத்துக்கொண்டு சுற்றிய மொழிபெயர்ப்பாளர்தான் சலாம் பாக்ஸ்!

அமினா நான் கேட்க ஆசைப்பட்டதையே எழுதினார். அங்கேதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நம் பூப்படக்காரர் எழுதுவது பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. சுவாரசியமே இருக்காது. ஆனால் அவர் சொன்னதைப் பதிவு அலுவலகத்தில் போய்ப் பார்த்துவிடலாம், நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை கட்டணத்தைத் தப்பாக எழுதிவிட்டு, பழைய வரியை அழிக்காமல் கீழேயே திருத்தம் போட்டார். அன்றைக்கு விழுந்தவன்தான் நான். அவரே சர்க்கரைக்குக் கஷாயம் சொன்னால் தள்ளிவிட்டுப் போய்விடுவேன்.

நேற்றுப் பகிர்ந்தது பட்டா மாறுதல் பற்றியது தம்பி. முழுக்கப் படித்துவிட்டு வந்து திட்டுங்கள்.