டார்பீடோவை விட்டவன் மட்டும்தானா?

யூத அகதிகளோடு மூழ்கிய ஸ்ட்ரூமா கப்பலைப் பற்றி எழுதி, அந்தச் சாவில் பிரிட்டனுக்கும் துருக்கிக்கும் பங்கு உண்டு என்றேன். அதன் பின்னூட்டங்களைப் படித்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். “மூழ்கடித்தது சோவியத் நீர்மூழ்கி. பிரிட்டனையும் துருக்கியையும் ஏன் இழுக்கிறீர்கள்?” அதற்கு எத்தனை லைக்குகள்!

சரி, டார்பீடோ சோவியத்துடையதுதான். 1942 பிப்ரவரி 24 காலை, கருங்கடலில். நான் மறுக்கவே இல்லையே. என்ஜின் ஓடாத கப்பல் அங்கே எப்படிப் போனது என்றுதான் கேட்கிறேன்.

ருமேனியாவில் யூதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த நேரம். முன்பு மாடு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழங்கப்பலில் ஏறக்குறைய 780 பேர், 1941 டிசம்பர் 12 அன்று அங்குள்ள கான்ஸ்டன்சா துறைமுகத்திலிருந்து தப்பிக் கிளம்பினார்கள். என்ஜின் பழுதாகி இஸ்தான்புல்லில் நின்றது. பத்து வாரம்! கரை கண்ணுக்கெதிரே. இறங்கத் துருக்கி விடவில்லை, அப்போது தன் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்துக்கு வரப் பிரிட்டன் விடவில்லை. ‘காப்பாற்றுங்கள்’ என்று துணியில் எழுதித் தொங்கவிட்டார்கள். பிப்ரவரி நடுவில், 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மட்டும் ஏற்கலாம் என்றது பிரிட்டன். தரைவழியே அனுப்பத் துருக்கி சம்மதிக்கவில்லை. கப்பல் அனுப்பப் பிரிட்டன் சம்மதிக்கவில்லை. பதினொன்றுக்குக் கீழே இருந்ததெல்லாம் பிள்ளைகள் இல்லையா?

23ஆம் தேதி துருக்கிப் போலீஸ் ஏறி, எதிர்த்தவர்களை அடக்கி, கப்பலை இழுத்துக்கொண்டுபோய் நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தது. மறுநாள் வெடித்தது. பிழைத்தவர் 19 வயது டேவிட் ஸ்டோலியார் ஒருவர்தான். அவரையும் துருக்கியில் பல வாரம் சிறையில் வைத்தார்கள்.

அப்பா போனபின் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்தோம். யாரும் கடிந்து பேசவில்லை. நாற்காலிகூடப் போட்டார்கள். “எங்க கையில இல்லம்மா, அந்த செக்‌ஷன்ல கேளுங்க.” அங்கே போனால் மறுபடி இங்கே. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா வாயே திறக்கவில்லை. இதையும் அதையும் ஒன்றாக்கவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் “எங்க கையில இல்ல” என்கிற அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

இரண்டாம் உலகப்போரில் துருக்கி நடுநிலை நாடு, அதற்கும் நெருக்கடி இருந்தது என்கிறார் ஒரு நண்பர். இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அகதிகளுக்குள் உளவாளிகள் இருந்திருக்கலாமாம். கைக்குழந்தையுமா உளவாளி? விசாரிக்கப் பத்து வாரம் போதாதா? இதற்குமேல் இதற்குப் பதில் கிடையாது.

இன்னொருவர் என்னை இஸ்ரேல் ஆதரவாளர் என்றே முடிவுகட்டிவிட்டார். காஸா பிள்ளைகளுக்காக இதே பக்கத்தில்தான் எழுதினேன். அப்போது எனக்கு வேறு முத்திரை குத்தினார்கள். செத்த குழந்தைக்காக அழுவதற்கு முன்னால் அதன் இனத்தை விசாரித்துவிட்டுத்தான் அழ வேண்டுமா? பல வருடம் பழகிய நீங்களே இப்படிக் கேட்பதுதான் வலிக்கிறது.

பதிவை நீக்கச் சொல்லி இன்பாக்ஸில் வந்து சொல்கிறீர்கள். நீக்க மாட்டேன். வேண்டுமானால் என்னை நட்பிலிருந்து நீக்கிக்கொள்ளுங்கள்.