பிட்ஸ்பர்க் நீதிமன்றத்தின் முற்றமும் வாசலும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரின் கிராண்ட் தெருவில் நிற்கும் அலிகேனி கவுன்டி நீதிமன்றத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் கோபுரத்தையும் கிரானைட் சுவர்களின் கம்பீரத்தையும் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பாராட்டு தகும். ஆனால் அக்கட்டடத்தின் மேன்மை அதன் நடுமுற்றத்தில்தான் இருக்கிறது என்றும், அதற்கு இழைக்கப்பட்ட பெரும் தீங்கு அதன் வாசலில் நேர்ந்தது என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அதே இடத்தில் முன்பு ஜான் சிஸ்லெட் வடிவமைத்த, கிரேக்கப் பாணித் தூண்களும் குவிமாடமும் கொண்ட நீதிமன்றம் ஒன்று இருந்தது. 1840-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த அதன் மணற்கல்லை, நிலக்கரியை எரித்தே வளர்ந்த அந்நகரத்தின் புகை மெல்ல மெல்ல அரித்தது. முகப்புக் கற்களின் செதுக்கிய மேற்பரப்பு உரிந்தது, கூரையோரத்துக் கற்கள் உதிரத் தொடங்கின. 1882 மே 7 அன்று பற்றிய தீ எஞ்சியதையும் அழித்தது. அடுத்து எழும் கட்டடம் நெருப்பைத் தாங்கினால் மட்டும் போதாது, அந்நகரத்தின் காற்றையும் தாங்க வேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

அழைக்கப்பட்ட சில கட்டடக் கலைஞர்களுக்கிடையே நடந்த போட்டியில் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் தேர்வானார். பாஸ்டனின் டிரினிட்டி தேவாலயத்தால் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த அவர், மாசசூசெட்ஸின் மில்ஃபோர்டு கிரானைட்டைத் தேர்ந்தெடுத்தார். 1884-இல் நார்கிராஸ் சகோதரர்களின் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. முன்கோபுரம் நகரத்துக்கு அழகு சேர்ப்பதற்காக மட்டும் எழுப்பப்பட்டதன்று. தெருப் புகைக்கு மேலிருந்து ஓரளவு தூய காற்றை உள்ளிழுத்துக் கட்டடத்துக்குள் அனுப்பும் வழியாகவும் அது அமைந்தது. பின்புறத்து இரட்டைக் கோபுரங்கள் வழியே பழைய காற்று வெளியேறியது. நடுவே வானம் பார்த்த பெரிய முற்றத்தை விட்டு, அதைச் சுற்றிலும் அறைகளையும் நடைகளையும் அவர் அமைத்ததால், மின்விளக்கு அரிதாக இருந்த அக்காலத்தில் உள்பகுதிகளுக்கும் பகல் வெளிச்சம் கிடைத்தது. வழக்காடிகள், சாட்சிகள், கைதிகளின் உறவினர்கள் என நீதிமன்றத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் காத்திருக்க வந்தவர்கள். அவர்களுக்கு வெளிச்சமும் நல்ல காற்றும் தர வேண்டும் என்ற எண்ணத்தை, தெருவைப் பார்த்த முகப்பின் கம்பீரத்தைவிடப் பல மடங்கு உயர்ந்ததாக நான் மதிக்கிறேன்.

ரிச்சர்ட்சன் 1886 ஏப்ரலில், 47 வயதில், சிறுநீரக நோயால் இறந்தார். நீதிமன்றத்தோடு சேர்த்து அவர் வடிவமைத்த சிறைச்சாலை அந்த ஆண்டு முடிவடைந்தது. நீதிமன்றத்தை அவருடைய அலுவலகத்தின் வாரிசுகளான ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் ஆகியோர் 1888-இல் நிறைவு செய்தார்கள். வெனிஸில் அரண்மனையையும் சிறையையும் இணைக்கும் பெருமூச்சுப் பாலத்தை நினைவூட்டும் கல்பாலம் ஒன்று ராஸ் தெருவின் மேலே இரண்டையும் இணைக்கிறது. இக்கட்டடத்தின் தாக்கம் டொரன்டோவின் பழைய நகர மண்டபம் வரை சென்றது. நீண்டகாலம் நீதிமன்றமாகவும் இயங்கிய அதன் படிகளில் ஏறியிருக்கும் அந்நகரத் தமிழர்கள், பிட்ஸ்பர்க் படத்தைப் பார்த்தால் உறவை உடனே கண்டுகொள்வார்கள்.

இனி வாசலுக்கு வருகிறேன். நீதிமன்றம் நின்ற மேடு போக்குவரத்துக்குத் தடையாக இருந்ததால், நகர நிர்வாகம் 1912–13-இல் அதை வெட்டித் தெருவைத் தாழ்த்தியது. ரிச்சர்ட்சன் தெருமட்டத்தில் வைத்த நுழைவாயில் ஏறத்தாழ ஒரு மாடி உயரத்தில் தொங்கி நின்றது. மண்ணுக்குள் இருந்திருக்க வேண்டிய கீழ்த்தளம் வெளியே தெரிந்தது. முதலில் வெளிப்படிக்கட்டு வைத்துச் சமாளித்தார்கள். 1920-களில் தெருவை அகலப்படுத்தியபோது அந்தப் படிக்கட்டும் போயிற்று. வாயில் வளைவுகள் கட்டடக் கலைஞர் ஸ்டான்லி ரௌஷின் வடிவமைப்பில் கீழ்நோக்கி நீட்டப்பட்டன. அதன் விளைவாக, இன்றும் கிராண்ட் தெருவிலிருந்து வருபவர் பழைய கீழ்த்தளத்தின் வழியாகத்தான் நீதிமன்றத்துக்குள் நுழைகிறார்.

செங்குத்தான அந்த மேட்டில் வண்டிகள் பட்ட பாடு உண்மையானது. அந்தத் தலைமுறையை நான் குறை சொல்லவில்லை. ரௌஷும் தம்மால் இயன்ற நாகரிகத்தோடு அந்த வேலையைச் செய்தார். ஆயினும் நீதிமன்ற வாசல் என்பது குடிமகனுக்கும் சட்டத்துக்கும் இடையிலான முதல் சந்திப்பு. தெருவிலிருந்து நேராக நடந்து, பெரிய வளைவுக்குள் புகுந்து, முற்றத்தின் வெளிச்சத்தை நோக்கிச் செல்லும்படி அமைந்த வரிசையில் முதல் கண்ணி அறுந்துவிட்டது. சுவர்களுக்கு எதுவும் ஆகாததால் கட்டடம் காப்பாற்றப்பட்டதாகவே பலரும் நினைக்கிறார்கள். நடந்து செல்லும் அனுபவமும் கட்டடக் கலையின் பகுதிதான் என்பதை ஏற்க மறுக்கும் இந்தப் பார்வையோடு எனக்கு உடன்பாடில்லை.

1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கட்டடத் தொகுப்பில், 1995-இல் மூடப்பட்ட சிறைச்சாலையை இடிக்காமல் குடும்ப நீதிமன்றமாக மாற்றியதை முழுமனத்தோடு வரவேற்கிறேன். அதே அக்கறை வாசலுக்கும் கிடைக்க வேண்டும். தெருவை மீண்டும் உயர்த்தும்படி யாரும் கேட்க முடியாது. ஆனால் 1888-இல் தெரு எந்த உயரத்தில் இருந்தது என்பதைக் கிராண்ட் தெருச் சுவரிலேயே ஒரு கோடாகக் குறித்து, அதனருகே பழைய நுழைவாயிலின் வரைபடத்தை வைக்கலாம். உள்ளே நுழைபவரை முற்றத்துக்கு வழிகாட்டும் தெளிவான பலகைகளும் வேண்டும். விசாரணைக்காகக் காத்திருப்பவர் அங்கே அமர நிழலோடு கூடிய இருக்கைகளும் வேண்டும். கவுன்டி நிர்வாகத்துக்கு இது பெரிய செலவன்று.