பொம்மை ரயிலுக்கும் ராயல்டியா?

2004-ல் யூனியன் பசிபிக் என்ற அமெரிக்க ரயில் கம்பெனி, மாடல் ரயில் செய்கிற இரண்டு கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. ஒன்று லயனல், இன்னொன்று ஆதர்ன். நீங்கள் விற்கிற குட்டி இன்ஜின்களில் எங்கள் பெயரும் சின்னமும் இருக்கின்றன, அதற்கு அனுமதியும் வாங்கவில்லை, ராயல்டியும் கட்டவில்லை என்பது புகார். 23 மாநிலங்களில் தண்டவாளம் போட்டு நிலக்கரியும் தானியமும் ஏற்றுகிற கம்பெனி, மேஜை மேல் ஓடுகிற இன்ஜினிடம் வந்து பங்கு கேட்டது.

ரயில் பைத்தியம் இல்லாதவர்கள் இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ரயிலின் மாடலில் அந்த ரயிலின் பெயரை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. பொது இடத்தில் நின்று ஓடும் ரயிலைப் படம் பிடித்து, அந்தப் படத்தை விற்கவும் கேட்க வேண்டியதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்று ரயில் கம்பெனிகள் சொல்வதற்குக் காரணம், கேட்டால் எதிராளி பயந்து கொடுத்துவிடுவான் என்பதுதான்.

டிரேட்மார்க் எதற்கு இருக்கிறது? வாங்குபவன் ஏமாறாமல் இருப்பதற்கு. ஒரு கம்பெனியின் சோப்பு என்று நினைத்து வேறொருவரின் சோப்பை நான் வாங்கிவிடக் கூடாது. சரி, லயனல் பெட்டியைக் கையில் எடுக்கிற ஆள் யாராவது, யூனியன் பசிபிக்கே தன் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து இந்தப் பொம்மையைச் செய்தது என்று நம்புவாரா? மாடல் வாங்குகிற கூட்டத்தை உங்களுக்குத் தெரியாது. கைப்பிடிக் கம்பி ஒரு நூல் தள்ளி இருக்கிறது என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறவர்கள். எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு அச்சு என்பதெல்லாம் அவர்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவர்களுக்கு இன்ஜின் மேலிருக்கிற கேடயச் சின்னம், அசல் இன்ஜின் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்பதற்கான விவரம். புகைபோக்கி போல அதுவும் ஓர் உறுப்பு.

இதில் வரலாறுதான் எனக்குப் பிடித்த பகுதி. லயனல் 1900-ல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி. 1948-ல் அவர்கள் எஃப்3 டீசல் இன்ஜினின் மாடலை வெளியிட்டார்கள். சிவப்பும் வெள்ளியுமாக சான்டா ஃபே ரயில்வேயின் நிறத்தில் வந்த அந்த மாடல்தான் அமெரிக்கப் பொம்மை ரயில்களிலேயே மிகப் பிரபலம். அதன் அச்சு வார்க்கிற செலவில் சான்டா ஃபேயும் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயும் நிஜ இன்ஜினைக் கட்டிய ஜெனரல் மோட்டார்ஸும் பங்கு போட்டுக்கொண்டன. அதாவது, எங்கள் பெயர் உங்கள் பொம்மையில் வரட்டும் என்று ரயில் கம்பெனிகள் தங்கள் கையிலிருந்து பணம் கொடுத்தன! கிறிஸ்துமஸ் மரத்தடியில் சுற்றுகிற ரயிலில் தன் பெயர் இருப்பதைவிட மலிவான விளம்பரம் கிடைக்குமா? அதைப் பார்த்து வளர்கிற பையன் நாளைக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரி ஆகலாம், டிக்கெட் வாங்கும் பயணி ஆகலாம். அரை நூற்றாண்டு இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அப்புறம் பயணிகள் விமானத்துக்கும் காருக்கும் போனார்கள், பயணி ரயில்களை 1971-ல் ஆம்ட்ராக் என்ற அரசு ஆதரவு பெற்ற கம்பெனியின் தலையில் கட்டியாயிற்று, சாதாரண ஜனங்களிடம் விளம்பரம் செய்ய வேண்டிய தேவையே ரயில் கம்பெனிகளுக்கு இல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் சின்னத்தில் காசு இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள்.

தன் பெயருக்கு மட்டும் கேட்டிருந்தால்கூட ஒரு மாதிரி. யூனியன் பசிபிக் தான் விழுங்கிய கம்பெனிகளின் பெயர்களுக்கும் சேர்த்துக் கேட்டது. 1982-ல் மிசூரி பசிபிக்கும் வெஸ்டர்ன் பசிபிக்கும் அதனிடம் வந்தன. 1988-ல் கேட்டி என்று செல்லமாக அழைக்கப்பட்ட மிசூரி-கான்சாஸ்-டெக்சஸ், 1995-ல் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன், 1996-ல் சதர்ன் பசிபிக், அதோடு ரியோ கிராண்டேயும். வாங்கிய பிறகு இன்ஜின்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தார்கள். தண்டவாளத்தில் அழிந்த பெயரை உயிரோடு வைத்திருந்தது யார்? அந்தந்த ரயில்வேக்கு என்று சங்கம் வைத்து, பழைய வரைபடங்களையும் கால அட்டவணைகளையும் சேர்த்து, துருப்பிடித்த இன்ஜினுக்கு விடுமுறை நாளில் போய் எண்ணெய் போட்ட ஆட்கள். கலிபோர்னியாவில் போர்டோலா என்ற சிற்றூரில் வெஸ்டர்ன் பசிபிக்குக்கு ஒரு மியூசியமே இருக்கிறது, நடத்துவது ஆர்வலர் சங்கம்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரு டிரேட்மார்க்கைத் தொடர்ந்து 3 ஆண்டுகள் பயன்படுத்தவில்லை என்றால், அதைக் கைவிட்டதாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. வழக்கு நடந்துகொண்டிருந்த 2005-ல், அழித்த நிறங்களை யூனியன் பசிபிக் திரும்பக் கொண்டுவரத் தொடங்கியது. 2006-க்குள் ஆறு புத்தம்புது டீசல் இன்ஜின்கள் ஆறு பழைய ரயில்வேக்களின் நிறத்தில் வந்தன. பாரம்பரியத்துக்கு மரியாதை என்றார்கள். பெயின்ட் வேலை பிரமாதம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெயர்களைப் பயன்பாட்டில் வைத்திருப்பதாகக் காட்டவும் அவை தோதாக இருந்தன என்று அப்போதே ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அந்தச் சந்தேகக் கட்சிதான். ஆனாலும் அந்த இன்ஜின் வருகிறது என்றால் வெயிலில் காத்துக் கிடந்து படம் எடுக்கத்தான் செய்வேன், அது வேறு விஷயம்.

வழக்கு என்ன ஆனது? ஆதர்ன் சீக்கிரமே சமாதானமாகி லைசென்ஸ் வாங்கிக்கொண்டது. லயனலும் பிறகு சமாதானத்துக்கு வந்தது. பாவம், அது ஏற்கெனவே திவால் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது. திவாலுக்குத் தள்ளியது எம்.டி.எச். என்ற போட்டிக் கம்பெனி. டிசைன்களைத் திருடிவிட்டார்கள் என்று லயனல் மீது வழக்குப் போட்டு 4 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு வாங்கியிருந்தது. (அந்தத் தீர்ப்பு 2006 கடைசியில் மேல்முறையீட்டில் ரத்தானது.) இதே எம்.டி.எச்.தான் ராயல்டி விஷயத்தில் யூனியன் பசிபிக்கை எதிர்த்து நின்றது. இத்தனை காலம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்கிறீர்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 2006 நவம்பரில் யூனியன் பசிபிக் இறங்கி வந்தது. மாடல் ரயில் தயாரிப்பாளர்களுக்கு ராயல்டி இல்லாத நிரந்தர லைசென்ஸ் என்று முடிந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று பலர் கொண்டாடினார்கள். எனக்கு அதில் முழு மகிழ்ச்சி இல்லை. இலவசமாக இருந்தாலும் லைசென்ஸ் லைசென்ஸ்தான். அதில் கையெழுத்துப் போடுகிறவர், பெயர் உங்களுடையது, உங்கள் அனுமதியில்தான் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். அனுமதி தேவையா என்ற அடிப்படைக் கேள்விக்குத் தீர்ப்பே வரவில்லை.

ஜெர்மனியில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஒரு பொம்மை கார் கம்பெனி ஓப்பல் அஸ்ட்ரா காரின் மாடலில் ஓப்பலின் மின்னல் சின்னத்தையும் போட்டது. ஓப்பல் வழக்குத் தொடுத்தது. 2007-ல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, 2010-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் பொம்மைக் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொம்மையில் இருக்கிற சின்னத்தை ஜனங்கள் நிஜக் காரின் ஒரு விவரமாகத்தான் பார்க்கிறார்கள், பொம்மையைச் செய்தவர் யார் என்பதற்கு அடையாளமாக இல்லை என்றார்கள். அவ்வளவுதான் விஷயம். இதை எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்.

எதிர்க் கட்சிக்கும் ஆதாரம் உண்டு, மறைக்கவில்லை. 1975-ல் ஐஸ் ஹாக்கி அணிகளின் சின்னத்தைத் துணியில் தைத்து விற்றவருக்கு எதிராக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. சின்னமே சரக்காகிவிட்டால் அதன் விற்பனையும் உரிமையாளருக்கே என்ற சிந்தனைக்கு அது பெரிய கதவைத் திறந்தது. ஜப்பானில் மாடல் ரயில் பெட்டியிலேயே ஜே.ஆர். என்கிற ஜப்பான் ரயில்வே கம்பெனியின் அனுமதி பெற்றது என்று அச்சடித்திருக்கும், யாரும் முணுமுணுப்பதாகத் தெரியவில்லை. டி-ஷர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் வெறும் சின்னத்தை மட்டும் அச்சடித்து விற்கிறவருக்காக நான் வாதாட மாட்டேன். அங்கே விற்பது சின்னம். மாடலில் விற்பது ரயில்.

புகைப்படக்காரர்களின் நிலைமைதான் இன்னும் மோசம். 2006 ஒப்பந்தம் மாடல் செய்கிறவர்களுக்கானது. கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு அதில் இடம் இல்லை. எடுத்த படத்தின் பதிப்புரிமை எடுத்தவருக்குத்தான், இதில் குழப்பமே கிடையாது. ஆனால் படத்துக்குள் இன்ஜின் இருக்கிறது, இன்ஜின் மேல் சின்னம் இருக்கிறது. அந்தப் படத்தைக் காலண்டராகவோ போஸ்டராகவோ விற்கலாமா? இதற்கு மிக நெருக்கமான தீர்ப்பு ரயிலைப் பற்றியது அல்ல. கிளீவ்லாந்தில் ராக் அண்ட் ரோல் மியூசியம் ஒன்று இருக்கிறது, ஐ.எம். பெய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிடு. ஒரு புகைப்படக்காரர் அந்தக் கட்டடத்தைச் சூரிய அஸ்தமனத்தோடு எடுத்து, மியூசியத்தின் பெயரையும் அச்சடித்துப் போஸ்டராக விற்றார். கட்டடத்தின் உருவமே எங்கள் டிரேட்மார்க் என்று மியூசியம் தடை வாங்கியது. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. போஸ்டரில் தெரிவது ஒரு பிரபலமான கட்டடத்தின் படம், அதை டிரேட்மார்க்காகப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை என்ற போக்கில் போனது தீர்ப்பு. 2012-ல் அலபாமா பல்கலைக்கழகமும் இப்படித்தான் தோற்றது. தங்கள் கால்பந்து அணியின் சீருடையை ஓவியத்தில் வரைந்தவரைத் தடுக்கப் பார்த்து முடியவில்லை.

ஆக, சட்டம் கைவிட்டுவிடவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வரைக்கும் போக யாரிடம் பணம் இருக்கிறது? வருடத்துக்குச் சில நூறு காலண்டர் விற்று சங்கத்துக்கு வாடகை கட்டுகிறவருக்கு ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்தின் கடிதம் வந்தால், அடுத்த வருடம் காலண்டரே இருக்காது. வாதம் சரியா தப்பா என்று பார்க்கிற நிலைக்கே விஷயம் போகாது.

பிக் பாய் 4014 இன்ஜினைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1941-ல் கட்டிய ராட்சத நீராவி இன்ஜின். வேலை முடிந்ததும் 1960-களின் தொடக்கத்தில் யூனியன் பசிபிக் அதை ஒரு ரயில் ஆர்வலர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டது. அவர்கள் கலிபோர்னியாவின் பொமோனாவில் அரை நூற்றாண்டு அதைப் பாதுகாத்தார்கள். 2013-ல் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டு, பழுதுபார்த்து, 2019-ல் ஓட்டியது. வழியெங்கும் ஜனக் கூட்டம், உலகம் முழுக்கச் செய்தி. எடுத்த படங்களையெல்லாம் ரசிகர்களே பரப்பினார்கள். கம்பெனிக்கு அதனால் கிடைத்த விளம்பரத்துக்கு அந்தச் சங்கத்துக்காரர்கள் ராயல்டி கேட்டிருந்தால் எவ்வளவு வரும்?

2025 ஜூலையில் யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்ன் என்ற இன்னொரு பெரிய அமெரிக்க ரயில் கம்பெனியை வாங்கப் போவதாக அறிவித்தது. நார்ஃபோக் சதர்ன் 2012-ல் தன் முன்னோர் ரயில்வேக்களின் நிறத்தில் 20 இன்ஜின்களுக்குப் பெயின்ட் அடித்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்தி, வாருங்கள், படம் எடுங்கள் என்று ரசிகர்களைக் கூப்பிட்டது. இணைப்பு நடந்தால் அந்தப் பழைய பெயர்களின் சாவியும் யூனியன் பசிபிக்கின் தலைமையகம் இருக்கிற ஒமாஹாவுக்குப் போகும். அங்கிருக்கிற வக்கீல்கள் என்ன செய்வார்கள் என்று நான் ஜோசியம் சொல்லத் தயாராக இல்லை. அந்த முன்னோர்களில் ஒன்றான நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் படங்களைக் காலண்டர் போடுகிற சங்கங்கள் மட்டும், கிளீவ்லாந்து தீர்ப்பின் பிரதி ஒன்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கமெண்டில் டிரேட்மார்க் வக்கீல்கள் யாராவது சண்டைக்கு வருவதாக இருந்தால் தாராளமாக வாருங்கள், ஓப்பல் தீர்ப்பைப் படித்துவிட்டு.