பாறைக்குழிக்கு டிக்கெட்

(இங்கிலாந்து, லெஸ்டர் நகரம். ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் வீட்டுக்குக் கரூரிலிருந்து வந்திருக்கும் மாமனார், ஹீட்டருக்குப் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் கிணறு வெட்டிக்கொடுத்தவர். தண்ணீர் என்று யாராவது சொன்னால் போதும், காது தானாகத் திரும்பும். மாப்பிள்ளை மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி வருகிறார். ஏதோ செலவு வரப்போகிறது என்பது அந்த அணைப்பிலேயே தெரிகிறது. மகள் கடைக்குப் போயிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சு தொடங்குகிறது.)

மாப்பிள்ளை: மாமா, வருகிற சனிக்கிழமை ஸ்டோனி கோவ் போகலாம் என்று நினைக்கிறேன். காரில் அரை மணி நேரம்தான்.

மாமனார்: கோவிலா? போகலாமே. எந்தச் சாமி?

மாப்பிள்ளை: கோவில் இல்லை மாமா, கோவ். ஸ்கூபா டைவிங் செய்கிற இடம். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளே இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம்.

மாமனார்: கடலா?

மாப்பிள்ளை: கடல் இல்லை, நன்னீர். பழைய கிரானைட் குவாரி. 1958இல் கல் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஊற்றுநீர் ஏறி ஏறி ஏரி மாதிரி ஆகிவிட்டது.

மாமனார்: அதாவது பாறைக்குழி.

மாப்பிள்ளை: அப்படிச் சொன்னால் எப்படி மாமா? வட கடலில் எண்ணெய் எடுக்கப் போனவர்கள்கூட அந்தக் காலத்தில் அங்கே பயிற்சி எடுத்திருக்கிறார்கள்.

மாமனார்: யார் பயிற்சி எடுத்தால் என்ன? கல்லை எடுத்துவிட்டுக் குழியை அப்படியே விட்டு, அதில் தண்ணீர் நின்றால் அதற்குப் பெயர் பாறைக்குழி. எங்கள் பக்கத்தில் மண்டை ஓடு வரைந்து பலகை வைப்பார்கள். 'அந்தப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன்' என்று சொல்லிச் சொல்லித்தான் பாப்பாவை வளர்த்தேன். இங்கே என்னடாவென்றால் டிக்கெட் கொடுக்கிறார்கள்.

மாப்பிள்ளை: கல் எடுத்த காலத்திலும் ஊற்றுத் தொல்லைதானாம். ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தார்களாம்.

மாமனார்: (நிமிர்ந்து உட்கார்ந்து) எத்தனை குதிரைத்திறன் மோட்டார்?

மாப்பிள்ளை: அதைப் போடவில்லை மாமா.

மாமனார்: போட வேண்டியதைப் போட மாட்டார்கள். ஆழம் எவ்வளவு?

மாப்பிள்ளை: படிப்படியாக இறங்குகிறது. ஆறு மீட்டரில் ஒரு தட்டு, இருபது மீட்டர் வாக்கில் இன்னொன்று. ஆக ஆழமான இடம் 36 மீட்டர்.

மாமனார்: நூற்றுப் பதினெட்டு அடி. ம்… நல்ல ஆழம். அடியில் என்ன இருக்கிறது?

மாப்பிள்ளை: (குரல் உயர்கிறது) அதுதான் விசேஷம்! ஸ்டேன்கார்த் என்று ஓர் இழுவைக் கப்பல், 1910இல் கட்டியது. 2000இல் வேண்டுமென்றே கொண்டுவந்து மூழ்கடித்திருக்கிறார்கள். ஒரு விமானத்தின் முன்பகுதிகூடக் கிடக்கிறது. விமானி உட்காருகிற இடத்தை எட்டிப் பார்க்கலாம்.

மாமனார்: மாப்பிள்ளை, பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து, முதுகு பிடித்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறேன். மறுபடியும் விமானமா? அதுவும் மூழ்கியதா?

மாப்பிள்ளை: மீனும் இருக்கிறது. பைக் இருக்கிறது.

மாமனார்: உள்ளே பைக்கும் கிடக்கிறதா? யார் ஓட்டிக்கொண்டு போய் விட்டது?

மாப்பிள்ளை: பைக் என்பது மீனின் பெயர் மாமா. நீள மூக்கு, வாய் நிறையப் பல்.

மாமனார்: விரால் மாதிரியா? குழம்பு வைக்கலாமா?

மாப்பிள்ளை: பார்க்க மட்டும்தான்.

மாமனார்: காசும் கொடுத்து, மீனையும் பார்த்துவிட்டுச் சும்மா வர வேண்டும். சரி, மேலே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: பயிற்சி இல்லாதவர்களை ஒரு பயிற்றுநர் கூடவே இருந்து, ஆழம் குறைந்த இடத்தில் இறக்குவார். முங்குவதற்கான ரப்பர் உடையைப் போட்டு, இடுப்பில் ஈயம் கட்டி…

மாமனார்: ஈயமா?

மாப்பிள்ளை: அந்த உடை மிதக்கும் மாமா. மூழ்குவதற்கு எடை வேண்டும். கடலென்றால் அதிகம் கட்ட வேண்டும். நன்னீரில் மிதப்பு குறைவு, அதனால் குறைவாகக் கட்டினால் போதும்.

மாமனார்: என் அப்பா மிதப்பதற்குச் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளினார். நீங்கள் மூழ்குவதற்கு ஈயத்தைக் கட்டுகிறீர்கள். நல்ல முன்னேற்றம்.

மாப்பிள்ளை: உங்களுக்கு இதெல்லாம் சுலபம் மாமா. தண்ணீரிலேயே வளர்ந்தவர்.

மாமனார்: அதில் சந்தேகமில்லை. பாதாளக் கரண்டியில் சிக்காத குடத்தையெல்லாம் நான்தான் முங்கி எடுப்பேன். மூச்சை அடக்கினால் அறுபது எண்ணுகிறவரை…

மாப்பிள்ளை: ஐயோ, மூச்சை மட்டும் அடக்கவே கூடாது! முதல் விதியே அதுதான். கீழே அழுத்தத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மாமனார்: (அடிபட்டவர் போல) நான் கற்றது ஒரே ஒரு வித்தை. அதையும் செய்யக் கூடாது என்கிறீர்கள். அந்தச் சிலிண்டரில் ஆக்சிஜனா?

மாப்பிள்ளை: இல்லை, நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான். கம்ப்ரஸர் வைத்து அடைக்கிறார்கள்.

மாமனார்: கம்ப்ரஸரா! அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? டிராக்டர் கம்ப்ரஸரோடு முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவன் நான். ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

மாப்பிள்ளை: ஆழத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. காற்றும் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். இருபது என்றால் மூன்று மடங்கு.

மாமனார்: போர்வெல்காரன் கணக்கு. முதல் முந்நூறு அடிக்கு ஒரு ரேட், அதற்குக் கீழே ஒவ்வொரு நூறடிக்கும் ஏற்றிக்கொண்டே போவான். கூட யார் வருவார்கள்?

மாப்பிள்ளை: தனியாக இறங்கக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் மற்றவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மாமனார்: அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவனுக்கு மேலே கயிறு பிடித்தது யார் தெரியுமா? அவனுடைய மைத்துனன் என்பார்கள். கயிற்றை விட்டால் அக்காள் தாலி போய்விடும் அல்லவா? மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்.

மாப்பிள்ளை: எனக்கு மைத்துனர் இல்லையே மாமா.

மாமனார்: அதனால்தான் மாமனாரை வரவழைத்தீர்களா?

மாப்பிள்ளை: (பேச்சை மாற்றி) கயிறெல்லாம் கிடையாது மாமா, கை ஜாடைதான். இப்படிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால் 'நன்றாக இருக்கிறேன்'.

மாமனார்: (கட்டைவிரலை உயர்த்தி) இது 'பிரமாதம்', இல்லையா?

மாப்பிள்ளை: இல்லை மாமா, இல்லை! கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போ' என்று அர்த்தம். கப்பலைப் பார்த்த மகிழ்ச்சியில் அதைக் காட்டினீர்கள் என்றால் கூட வந்தவர் கரையேறிவிடுவார்.

மாமனார்: (இரண்டு மூன்று முறை காட்டிப் பழகுகிறார்) மேலே போ. மேலே போ. சரி. வேறென்ன?

மாப்பிள்ளை: ஒரு படிவம்தான் பாக்கி. உடல்நிலை பற்றி. 'நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவரா?' உங்களுக்கு ஆமாம்.

மாமனார்: உங்களுக்கு?

மாப்பிள்ளை: …ஆமாம். போன மாதம்தான்.

மாமனார்: ஆமாம் என்றால்?

மாப்பிள்ளை: கூடுதலாகச் சில கேள்விகள். 'இரத்த அழுத்தம் உண்டா?' உங்களுக்கு உண்டு. டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் இறக்குவார்கள்.

மாமனார்: எனக்கு வேண்டாம், நான் கரையில் உட்காருகிறேன். அடுத்த கேள்வி?

மாப்பிள்ளை: (வேகமாக) அது ஒன்றுமில்லை, கொலஸ்டிரால்… இல்லை என்று போட்டுவிட்டேன்.

(மாமனார் சால்வையை விலக்குகிறார். ஹீட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.)

மாமனார்: நேற்று உங்கள் காரில் திருநீற்றுப் பொட்டலம் தேடினேன். டேஷ்போர்டைத் திறந்தால் ஒரு மாத்திரை அட்டை. பத்தில் நான்கு காலி. என் நண்பர் ஒருவர் கொலஸ்டிராலுக்கு அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார்.

மாப்பிள்ளை: மாமா… அவளுக்குத் தெரிந்தால் ஆட்டுக்கறி நின்றுவிடும். நீங்கள் கொண்டுவந்த முறுக்கும் நின்றுவிடும்.

மாமனார்: அது உங்கள் பாடு. படிவத்தில் உள்ளதை உள்ளபடி போடுங்கள். டாக்டர் சரி என்றால் இறங்குங்கள். இல்லையென்றால் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து டீ குடிப்போம். அங்கே டீ கிடைக்குமா?

மாப்பிள்ளை: கரையிலேயே பப் இருக்கிறது மாமா.

மாமனார்: டீ என்றேன்.

மாப்பிள்ளை: கிடைக்கும் மாமா. பாப்பாவிடம் மட்டும்…

மாமனார்: என் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, அதை நீங்கள் பார்க்காமல் இருந்தால் எனக்கும் நினைவு மறதி அதிகம்.

(வாசலில் கார் நிற்கும் சத்தம். பை சரசரக்கிறது, சாவி பூட்டில் திரும்புகிறது. மாப்பிள்ளை படிவத்தோடு திகைத்து நிற்கிறார். மாமனார் வாய் திறக்காமல் கட்டைவிரலை உயர்த்துகிறார்.)

மாப்பிள்ளை: (முகம் மலர்ந்து, கிசுகிசுப்பாக) நன்றி மாமா!

மாமனார்: (பல்லைக் கடித்துக்கொண்டு) நன்றி எதற்கு? 'மேலே போ' என்கிறேன். மாடிக்குப் போங்கள்!